மாங்கரைச் சாவடியில் நாலு மூங்கில்

கல்லூரி விழாவுக்கு ஆள் பிடிக்க வந்தவர்
கைபேசியை நீட்டினார்.
எங்கோ தூரத்து மலை. தரையில்
மூங்கில்கள் மோதிப் பிரிய மோதிப் பிரிய
நடுவே பெண்கள் துள்ளினார்கள்.
"இதே மாதிரி வேணுங்க."

அது எங்களுது இல்லீங், என்றேன்.
நாங்க வட்டங்கட்டி ஆடறவங்க,
காலடியில மண்ணைத் தவிர ஒண்ணும் கெடக்காது.
எங்க மூங்கில் மசனன் வாயில இருக்கும்,
கொகல்னு பேரு.

சிரித்தார்.
"மூங்கில் உங்களுது. ஆட்டமும் உங்களுது.
ரெண்டையும் சேத்தறதுல என்னுங்க சிரமம்?"
ஐயாயிரம் முன்பணம் வைத்தார்.
ரங்கியின் மகள் நர்சிங் சேர்ந்திருந்த சமயம்.

பத்து நாள் துள்ளினோம்.
கணுக்காலில் அடி வாங்காத ஆளில்லை,
செல்லிக்கு வீங்கி மஞ்சள் பற்று.
எங்களில் கனத்த உடம்பு தெய்வானைக்கு;
அவள் மட்டும் ஒருதரம்கூடச் சிக்கவில்லை.
"ஆனைக்குத் தப்பி ஓடுன காலு" என்றாள்.

வெள்ளிக்கிழமை.
டெம்போ கூரையில் நாலு மூங்கில்.
மாங்கரைச் சாவடியில் தடுப்பு இறங்கியது.
பாஸ் எங்கே?
ஆடறதுக்குங்க.
"வெட்டறதுக்குப் படிவம் இருக்கு,
கொண்டுபோறதுக்கு இருக்கு,
ஆடறதுக்கு எதுன்னு எனக்குத் தெரியாது."
எழுதினார்: மூங்கில், பச்சை, எண்ணிக்கை நான்கு.

பிறகு மசனன் மடியைப் பார்த்தார்.
கொகலை வாங்கி, ஒரு கண்ணை மூடி
அதன் ஓட்டை வழியே எங்களை ஒவ்வொருவராகப் பார்த்து
திருப்பிக் கொடுத்தார்.
அத்தனை சின்ன மூங்கிலுக்கு
அவர் தாளில் கட்டம் இல்லை.

கல்லூரியில் யாரும் பதறவில்லை.
கரண்ட் வேலைக்காரர் ஸ்டோருக்குப் போய்
நாலு பி.வி.சி. குழாய் எடுத்து வந்தார்,
வெள்ளை, பத்தடி, பக்கவாட்டில் கம்பெனிப் பேர்.
தட்டிப் பார்த்தோம்.
மூங்கிலோடு மூங்கில் மோதினால்
உள்ளிருக்கும் காற்று 'உம்' கொட்டும்.
இது பேச்சுக்குக்கூட வாய் திறக்கவில்லை.

"அடுத்து, பழங்குடியினர் மூங்கில் நடனம்!"
விளக்கு எங்கள் மேல் விழுந்தது.

நஞ்சி என் காதில் சொன்னாள்,
நடுவுல கெடத்திரு.
எதுக்கு?
செத்ததை வேற எங்க கெடத்துவாங்க?

தலைமாடு கால்மாடு பார்த்து
நாலு குழாயையும் ஒட்ட ஒட்டக் கிடத்தினோம்.
மசனன் பார்த்தான். உதட்டை நனைத்துக்கொண்டான்.
கல்யாணத்துக்கு ஊதுவது ஒன்று, விதைப்புக்கு ஒன்று,
அவன் எடுத்தது இரண்டும் இல்லை.
பொறை பின்னாலேயே வந்து சேர்ந்தது,
இழவு வீட்டுக்குச் சொல்லாமல் வரும் பங்காளி மாதிரி.

சுற்றினோம்.
செல்லி வீங்கிய காலை இழுத்து ஆடினாள்.
யாருக்கு என்று கேட்காமல் கொஞ்சம் அழுதோம்,
அழுகை அப்புறம் காலுக்கு இறங்கிவிட்டது,
எப்போதும் இறங்குவது போல.
ஆயிரம் பிள்ளைகள் விசிலடித்தார்கள்.
மேடை ஓரத்தில் நின்று அந்த மனிதர்
இரண்டு விரலைத் துள்ளத் துள்ளக் காட்டினார்:
தாண்டுவது எப்போது? தாண்டுவது எப்போது?

திரும்புகையில் மணி பதினொன்று, தூறல்.
சாவடிச் சுவரில் மூன்று மூங்கில் சாய்ந்திருந்தன.
நாலாவது, அவர் பைக்குக்குக் கட்டிய
தார்ப்பாயைத் தாங்கிக்கொண்டிருந்தது.
எழுதியாச்சு, தர முடியாது, என்றார்.
பிறகு, மனசு கேட்காமல்,
"புரோகிராம் எப்படிப் போச்சு?"

"அடக்கம் நல்லபடியா முடிஞ்சுதுங்" என்றாள் நஞ்சி.

அவருக்கு விளங்கவில்லை. கயிற்றை இழுத்தார்.
அப்போதுதான் கவனித்தேன், தடுப்பும் மூங்கில்தான்,
சிவப்பும் வெள்ளையும் பூசி, ஒரு முனையில் கல் கட்டியது.
வண்டி நகர, பின்னால் அது படாரென்று இறங்க,
அரைத் தூக்கத்தில் இருந்த தெய்வானை
இரண்டு காலையும் மேலே தூக்கிக்கொண்டாள்.